நைனா வீட்டு சன்ஷேடு

சைதாப்பேட்டை,
9-3-1938

மச்சான் கன்னியப்பன் அவர்களுக்கு,

வழக்கமாக முதல் வரியில் உங்கள் சௌக்கியம் விசாரிப்பேன். இந்தத் தடவை அதற்கு அவசியமில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் அப்பா வீட்டு சன்ஷேடு விழுந்தபோது நீங்கள் தெருவுக்கு அந்தப் பக்கம் சௌக்கியமாக நின்றிருந்ததை நானே கண்ணால் பார்த்தேன். சன்ஷேடுக்கு அடியில் நின்றது என் சைக்கிள்தான்.

விழுந்தது என்று சொல்வதும் சரியில்லை. விழுந்திருந்தாலாவது அள்ளிக் கொட்டிவிட்டுப் போயிருக்கலாம். அடியில் நிறுத்தியிருந்த முட்டுகளை எல்லாம் எடுத்தாயிற்று. நைனா ஆசைப்பட்ட இரண்டு சிமெண்டு சிங்கங்களையும் விளிம்பில் தூக்கி வைத்தாயிற்று. "பார்த்தீர்களா, ஐந்தடி நீட்டு, கீழே ஒரு தூண் கிடையாது" என்று நான் ஊராருக்குச் சொல்லி வாய் மூடவில்லை, மொத்தத் தளமும் சுவரோரம் மடங்கிக் கதவு மாதிரி வாசலை அடைத்துக்கொண்டு தொங்கிவிட்டது. சிங்கங்கள் இரண்டும் என் சைக்கிள் மேல் இறங்கிவிட்டன.

மச்சான், நான் இன்ஜினீயரிங் காலேஜில் பன்னிரண்டு வருஷமாகக் கான்கிரீட் பாடம் நடத்துகிறவன். உங்களுக்கும் ஒருமுறை நடத்துகிறேன். கான்கிரீட்டை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் பிய்ந்துவிடும். ஆகவே எங்கே இழுபடுகிறதோ அங்கே இரும்புக் கம்பி வைக்கிறோம். இரண்டு பக்கமும் சுவர் தாங்குகிற தளம் நடுவில் தொய்யும், அதன் அடிப்பக்கம் இழுபடும், அதற்குக் கம்பி அடியில். சன்ஷேடு அப்படியில்லை. ஒரு பக்கம்தான் சுவர், மறுபக்கம் அந்தரம். கையை நேராக நீட்டி ஒரு வாளித் தண்ணீரைப் பிடித்துப் பாருங்கள். தோளுக்கு மேல்பக்கம் இழுக்கும். ஆகவே சன்ஷேடுக்குக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும், மேலிருந்து ஒரே அங்குலத்தில். இதைப் படமாகப் போட்டு, சிவப்பு மையில் அம்புக்குறியும் போட்டு உங்கள் கையில் கொடுத்தேன். உடைந்த இடத்தைப் போய்ப் பார்த்தால் முக்கால்வாசிக் கம்பி அடியில் கிடக்கிறது!

ஜில்லா போர்டு காண்டிராக்டர் பட்டியலில் சேர நீங்கள் மனுப் போட்டிருக்கிறீர்கள். அந்த போர்டு இன்ஜினீயர் கங்காதரன் எனக்குத் தெரிந்தவர். விஷயம் அவர் காதுக்கும் எட்டி, சன்ஷேடு ஏன் விழுந்தது என்று என்னிடம் அறிக்கை கேட்டிருக்கிறார். சொந்தக்காரர் என்பதற்காக நான் பொய் எழுத முடியாது. தவறை ஒப்புக்கொண்டு நீங்கள் எனக்கு இரண்டு வரி எழுதிவிட்டால், நான் கொஞ்சம் மிருதுவாக எழுதுவேன்.

காலேஜுக்கு நடந்தே போய் வரும்,
ராஜசேகரன்


அயனம்பாக்கம்,
13-3-1938

மாப்பிள்ளைக்குக் கன்னியப்பன் எழுதிக்கொண்டது.

நான் ஐந்தாம் கிளாஸ் வரைக்கும் படித்தவன். இதில் பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்திக்கொள்ளவும். உங்களுக்குத்தான் பழக்கமாச்சே.

முதலில் சைக்கிள் சமாச்சாரம். "சாமி, வண்டிய அந்தாண்ட வுடு" என்று என் ஆள் முனியன் இரண்டு தரம் சொன்னான். "என் டிசைன் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது" என்று நீங்கள்தான் கொண்டுபோய் நட்ட நடுவில் நிறுத்தினீர்கள். சிங்கத்துக்கு என்ன தெரியும்?

கம்பியை நான் மேலேதான் கட்டினேன். பதினான்கு கம்பி. ஒவ்வொன்றுக்கும் அடியில் கருங்கல் சில்லு முட்டுக் கொடுத்து, என் கையாலேயே கட்டினேன். பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி, கான்கிரீட் கொட்டின அன்று, காலை ஏழரை மணிக்கு நீங்களே ஏணியில் ஏறினீர்கள். சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்துக் கம்பி கம்பியாக அளந்து, "பேஷ், சரியாக ஒரு அங்குலம்" என்று சொன்னீர்கள். கூட நின்ற உங்கள் மாணவர்கள் எட்டுப் பேரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அந்த நோட்டை வாங்கிப் பார்க்கவும். அதுக்கு அப்புறம் கம்பி எப்படி அடிக்குப் போனது என்பது நான் எழுத வேண்டிய விஷயம் இல்லை.

மூன்று வருஷமாக நான் அந்தப் பட்டியலுக்கு அலைகிறேன். வேலப்பன்சாவடியில் தண்ணீர் போக ரெண்டு கண் வைத்த பாலம் ஒன்று வரப்போகிறது. பட்டியலில் பேர் இருந்தால்தான் அந்த வேலை கிடைக்கும். மே மாசக் கடைசியில் பட்டியலை மூடிவிடுவார்கள். முனியன், துலுக்கானம், சட்டி தூக்குகிற வேம்புலியம்மாள் என்று பதினான்கு பேர் என்னை நம்பி இருக்கிறார்கள். 'கம்பி வைக்கத் தெரியாத மேஸ்திரி' என்று உங்கள் கையாலேயே எழுதிப் போய்விட்டால், ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் மாட்டுக் கொட்டகை கட்டக்கூட எவனும் என்னைக் கூப்பிட மாட்டான். இதை யோசித்துக்கொண்டு எழுதவும்.

நைனா இப்போது பின்வாசல் வழியாகத்தான் போக்குவரத்து. "மழத்தண்ணி உள்ள வராம ஒரு சன்ஷேடு போடுங்கடான்னா, மனுசனே உள்ள வராம பண்ணிட்டீங்களேடா" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கான்கிரீட் கொட்டின அன்றைக்கு எதிர்வீட்டு மாடியில் ஏறி உங்கள் மாணவன் போட்டோ பிடித்தானே, அதை நைனா கேட்கிறார். வீட்டு முகப்புதான் போய்விட்டது, படத்தையாவது மாட்டி வைக்கலாமாம். ஒரு காப்பி அனுப்பவும். தங்கச்சி சாமுண்டியைக் கேட்டதாகச் சொல்லவும்.

கன்னியப்பன்


சைதாப்பேட்டை,
20-3-1938

மச்சான் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒப்புக்கொள்ளச் சொன்னால் என்னையே நோட்டைப் பார்க்கச் சொல்கிறீர்கள். பார்த்தேன். ஒரு அங்குலம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் கேட்கிறேன். நான் அளந்தபோது மேலே இருந்த கம்பி, நான் கீழே இறங்கின பிறகு ஏன் இடம் மாறியது?

உங்கள் சன்ஷேடு வீண் போகவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். வகுப்பில் அதைப் பலகை நிறைய வரைந்து ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். "மேஸ்திரிகளுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. இரும்பு கனமான சாமான், கனமான சாமான் அடியில்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். நாம் திரும்பியதும் மாற்றிவிடுவார்கள்" என்றேன். வகுப்பே சிரித்தது. வீரராகவன் ஒருவன்தான் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "சார், அத்தனை கம்பியையும் கட்டவிழ்த்து மாத்துறதுக்கு நேரம் எங்கே சார் இருந்தது? பூஜை முடிஞ்ச உடனே கொட்ட ஆரம்பிச்சிட்டாங்களே?" என்று கேட்டான். அதிகப்பிரசங்கி. உட்காரச் சொல்லிவிட்டேன். இதையே வருஷப் பரீட்சையிலும் கேட்டிருக்கிறேன்: 'ஐந்தடி நீட்டுள்ள சன்ஷேடில் மேஸ்திரி ஒருவர் கம்பியை அடியில் வைத்துவிட்டார். விளைவை விளக்குக.' நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் சிங்கத்தையும் சேர்த்து விளக்கியிருக்கிறார்கள்.

போட்டோ எடுத்தவனும் அதே வீரராகவன்தான். கேட்டதற்கு, பிலிம் இன்னும் கழுவவில்லை என்றான். பரீட்சை மார்க் வெளிவந்த பிறகு கொண்டுவருகிறானாம். போட்டோவுக்கும் மார்க்குக்கும் என்ன சம்பந்தமோ தெரியவில்லை.

அறிக்கை எழுதி மேஜை மேல் தயாராக இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை, 28ஆம் தேதி தபாலில் சேர்ப்பேன். அதுவரைக்கும் உங்கள் இரண்டு வரிக்காகக் காத்திருக்கிறேன். உங்கள் தங்கை சௌக்கியம். இந்த விவகாரத்தில் தான் யார் பக்கமும் இல்லை என்கிறாள். ஆனால் பத்து நாளாக எனக்கு வைக்கிற குழம்பில் மட்டும் உப்பு இல்லை.

ராஜசேகரன்


அயனம்பாக்கம்,
26-3-1938

மாப்பிள்ளைக்கு,

உங்கள் பாடம் இங்கேயும் வந்து சேர்ந்தது. உங்கள் மாணவன் ஆனந்தன் அம்பத்தூரிலிருந்து ரயிலில் போய் வருகிறவன்தானே. ஸ்டேஷன் காபிக் கடையில் அவன் நடித்தே காட்டியிருக்கிறான். மறுநாள் வேலை நடக்கிற இடத்தில் துலுக்கானம் என்னைக் கேட்கிறான். "அண்ணாத்தே, கனமான சாமான் அடியிலதான் வெப்பியாமே? அப்போ சோத்து மூட்டைய எங்க வெக்கட்டும், மேலயா கீழயா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் வேறு என்ன செய்வது? வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

மாப்பிள்ளை, இருபத்திரண்டு வருஷமாகக் கரண்டி பிடிக்கிறேன். நீங்கள் காலேஜில் சேர்வதற்கு முன்னாலேயே நான் கம்பி வளைத்தவன். எனக்கா மேல் கம்பி கீழ் கம்பி தெரியாது? அதுவும் எங்கள் நைனா வீட்டுக்கு!

நீங்கள் கேட்ட இரண்டு வரியை நான் எழுத மாட்டேன். தெரியாமல் வைத்துவிட்டேன் என்று எழுதினால் பொய். என்ன நடந்தது என்று எழுதலாம் என்றால் அதுவும் என்னால் ஆகாது. சாமுண்டி உங்கள் வீட்டில் வாழ்கிறவள்.

வேம்புலியம்மாள் நேற்று சட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள். "நான் சைதாப்பேட்டைக்கே நடந்து போறேன். போய் வாத்தியார் மூஞ்சிக்கு நேரா சொல்றேன். என்னிய இன்னா பண்ணிடுவாரு, பெயிலா போடுவாரு?" என்றாள். ஏரிக்கரை வரைக்கும் ஓடி அவளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அறிக்கையை அனுப்புவதானால் அனுப்பிக்கொள்ளவும். குழம்பில் உப்புப் போடச் சொல்லித் தங்கச்சிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

கன்னியப்பன்


சைதாப்பேட்டை,
9-4-1938

மச்சானுக்கு நமஸ்காரம்.

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. இதையும் கிழிப்பதற்குள் சாமுண்டி தபாலில் போட்டுவிடுவதாகச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

அறிக்கையைச் சொன்னபடி 28ஆம் தேதி அனுப்பிவிட்டேன். அதில் என்ன எழுதினேன் என்று இங்கே திரும்பச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஏப்ரல் நான்காம் தேதி மார்க் ஒட்டினோம். ஐந்தாம் தேதி காலை வீரராகவன் வீட்டுக்கு வந்தான். ஒரு கவரை மேஜை மேல் வைத்தான். "நமஸ்காரம் சார்" என்றான். நான் கவரைப் பிரிப்பதற்குள் தெருமுனை தாண்டிவிட்டான்.

போட்டோ நன்றாகவே விழுந்திருந்தது. நான் என் தலைப்பாகை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாமுண்டி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது? ஒம்போது பேரும் எதும் மேல நின்னுகினு கீறீங்க?"

"சன்ஷேடு மேல்."

"சன்ஷேடு அன்னிக்கி ஏது? அப்போ வெறும் கம்பிதானே கட்டி இருந்திச்சி? உங்க பூட்ஸு எங்க கீது, பாருங்க!"

பார்த்தேன் மச்சான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒன்பது பேர், பதினெட்டுக் கால்கள், எல்லாமே பூட்ஸ். நீங்கள் சில்லு முட்டுக் கொடுத்துக் கட்டிய பதினான்கு கம்பிகளும் எங்கள் காலடியில் அடிப்பலகையோடு பலகையாகப் படுத்துக் கிடக்கின்றன. என் வலது பூட்ஸ் ஒன்று மட்டுமே இரண்டு கம்பிகளை மிதித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் மொத்த எடையைக் கணக்குப் போட்டேன். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பவுண்டு. சிங்கங்களுக்குக் கணக்குப் போட்டவன் வாத்தியாருக்குப் போடவில்லை!

பன்னிரண்டு வருஷமாக நான் பலகையில் சாக்பீஸால் கம்பி வரைகிறேன். வரைந்த இடத்திலேயே அது இருக்கிறது. அதன் மேல் யாரும் ஏறி நிற்பதில்லை. நிஜக் கம்பி மேல் ஆள் ஏறுவான் என்று ஒரு நாளும் ஒரு வகுப்பிலும் நான் சொன்னதில்லை. எனக்கே தோன்றினால்தானே சொல்வதற்கு?

மறுநாள் லீவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாணவர்களைத் திரும்ப வகுப்புக்குக் கூட்டினேன். போட்டோவைப் பலகையில் ஒட்டி, "கம்பியை அடியில் வைத்தவர் மேஸ்திரி இல்லை, நான்" என்றேன். அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள்! நான் தடுக்கவில்லை. உங்களைப் பற்றிச் சொன்னபோது எவ்வளவு சிரித்தார்களோ அவ்வளவும் சிரித்து முடிக்கட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஒரு கேள்வி கொடுத்தேன்: 'வரைபடத்தில் மேலே இருக்கிற கம்பி, கான்கிரீட் விழும்வரைக்கும் மேலேயே இருக்க என்னென்ன செய்ய வேண்டும்?' ஆனந்தன் எழுதின முதல் வரி: 'வாத்தியாரை ஏணியிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும்.' அதற்கு முழு மார்க் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே கங்காதரனைப் பார்த்து, என் அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, போட்டோவையும் காட்டினேன். மனிதர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுப் படத்தின் ஓரத்தைக் காட்டி, "ஏணியில் பாதியில் நிற்கிறாரே, இவர் யார்?" என்றார். நீங்கள்தான். கையைத் தூக்கிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு நிற்கிறீர்கள். "அப்படியானால் உங்கள் மேஸ்திரி பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பார்த்தும் சும்மா இருக்கிறவரை நான் எப்படிப் பட்டியலில் சேர்ப்பது?" என்று கேட்டார்.

கெஞ்சிக் கேட்டு ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். வேலப்பன்சாவடிப் பாலத்தில் தளம் போடுகிற வேலையைச் சோதனையாக உங்களிடம் கொடுக்கிறார். மே 21ஆம் தேதி சனிக்கிழமை கான்கிரீட் கொட்ட வேண்டும். தாமே வந்து பார்ப்பாராம். அவருக்குத் திருப்தியானால் அன்றைக்கே உங்கள் பேர் பட்டியலில் ஏறும். இல்லாவிட்டால் இனி மனுப் போட வேண்டாம் என்கிறார்.

மச்சான், நான் செய்தது தப்பு. கம்பியை மிதித்ததைவிட, உங்களைப் பற்றி வகுப்பில் பேசினது பெரிய தப்பு. மன்னித்துவிடுங்கள். ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்தப் போட்டோவில் என்ன சொல்ல வாயைத் திறந்தீர்கள்?

ராஜசேகரன்

பி.கு.: நைனாவுக்கு ஒரு காப்பி வைத்திருக்கிறேன். தயவுசெய்து மாட்ட வேண்டாம் என்று சொல்லவும்.


அயனம்பாக்கம்,
15-4-1938

மாப்பிள்ளைக்கு, வருஷப் பிறப்பு நல்லபடியாக நடந்தது.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முனியனுக்கும் துலுக்கானத்துக்கும் படித்துக் காட்டினேன். வேம்புலியம்மாள் தனக்கு இன்னொரு தரம் தனியாகப் படிக்கச் சொன்னாள். 'அப்புறப்படுத்த வேண்டும்' வருகிற இடத்தை மட்டும் மூன்று தரம்.

நீங்கள் கேட்டதைச் சொல்கிறேன். "எறங்குங்க" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அளந்து முடித்ததும் போட்டோவுக்கு நிற்க நீங்கள் எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு மளமளவென்று கம்பி மேல் ஏறிவிட்டீர்கள். காலடியில் சில்லு நசநசவென்று சாய்கிறது. ஏணியில் பாதி ஏறிக் கையைத் தூக்கினேன். நைனா கீழே நின்று என் காலைப் பிடித்து இழுத்தார். "டேய், ஊட்டு மாப்பிள்ளைடா. அவரு பசங்க எதிர்ல எறங்குன்னு சொல்லுவியா? நாளைக்கு நம்ம பொண்ணு அங்க வாழ வேணாமா? மூட்றா வாய!" என்றார். மூடுவதற்குள் எதிர்வீட்டு மாடியில் போட்டோ பிடித்துவிட்டான். அதனால்தான் திறந்தது திறந்தபடியே விழுந்துவிட்டது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் இறங்கி இலை போட்டதும் சாப்பிடப் போனபோது மணி எட்டே முக்கால். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகுகாலம். முனியனும் நானும் கொக்கியை விட்டு ஒவ்வொரு கம்பியாகத் தூக்கினோம். மூன்றுதான் தூக்க முடிந்தது. "ராகுகாலம் வந்துகினே கீது, கொட்டுங்கடா" என்று நைனா ஒரே சத்தம். கொட்டிவிட்டேன். மிச்சப் பதினொன்றும் அடியில் கிடக்கிறது என்று தெரிந்தேதான் கொட்டினேன் மாப்பிள்ளை. மரியாதைக்காக ஒன்று, நல்ல நேரத்துக்காக ஒன்று, இரண்டு தப்பு. இதை யாரிடமும் சொல்லாமல் இரண்டு மாசமாக நெஞ்சிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். இன்ஜினீயர் கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி.

பாலத்து வேலையை நினைத்தால் பயமாக இருக்கிறது. ரெண்டு கண்ணுக்கும் நடுவில் ஒரு சுவர் வருகிறது. அந்தச் சுவருக்கு மேலே வருகிற இடத்தில் கம்பி மேல்பக்கம் வரணும் என்று படத்தில் போட்டிருக்கிறார்கள். திரும்பவும் மேல் கம்பிதான் எனக்குச் சோதனை. கட்டத் தெரியும். ஏறுகிறவர்களை என்ன செய்வது? நைனா வேறு அன்றைக்குத் தேங்காய் உடைக்க வருவேன் என்கிறார்.

போட்டோவைக் கூடத்தில் மாட்டிவிட்டார்கள். யார் சொன்னாலும் கேட்கவில்லை. "மாப்பிள்ள நிக்கிற கம்பீரத்தப் பாரு" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

கன்னியப்பன்


சைதாப்பேட்டை,
8-5-1938

அன்புள்ள மச்சானுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். 21ஆம் தேதி எனக்கு யூனிவர்சிட்டி விடைத்தாள் திருத்தும் வேலை, வர முடியாது. ஆனந்தன் உள்பட அந்த எட்டுப் பேரும், வீரராகவனும் வருவார்கள். பூட்ஸ் இல்லாமல் வரச் சொல்லியிருக்கிறேன்.

கருங்கல் சில்லு வேண்டாம். சாய்ந்துவிடும். துண்டுக் கம்பியை வளைத்து நான்கு கால் வைத்த சின்ன முக்காலி மாதிரி ஒன்று படம் போட்டு அனுப்பியிருக்கிறேன் (நான்கு கால் இருந்தால் முக்காலி இல்லை என்கிறாள் உங்கள் தங்கை). மேல் கம்பியை அதன் மேல் வைத்துக் கட்டுங்கள். ஆள் நடக்கிறதற்குக் கம்பியைத் தொடாமல் தனியாக முட்டுக் கொடுத்துப் பலகைப் பாதை போடுங்கள். இந்த இரண்டும் என் பாடப் புத்தகத்தில் இல்லை. அடுத்த வருஷம் முதல் என் வகுப்பில் இருக்கும்.

மற்றபடி யார் ஏறினாலும் வாயைத் திறந்தால் முழுசாகத் திறந்துவிடுங்கள். குழம்பில் உப்பு வந்துவிட்டது.

ராஜசேகரன்


அயனம்பாக்கம்,
22-5-1938

மாப்பிள்ளைக்கு,

நேற்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடியே முக்காலி வைத்துக் கம்பி கட்டினேன். குறுக்கே பலகைப் பாதையும் போட்டேன். பூஜையைக் கீழேயே முடித்து, தேங்காயையும் ரோட்டோரத்துக் கல்லில் உடைக்க வைத்துவிட்டேன். நைனாவுக்குக் கோபம். உங்கள் மாணவர்கள் ஒன்பது பேரும் வெறுங்காலோடு வரிசையாக நோட்டும் கையுமாக நின்றார்கள்.

எட்டேகால் மணிக்கு இன்ஜினீயர் காரில் வந்து இறங்கினார். பெரிய பூட்ஸ். பலகை மேலேயே நடந்து நடுச்சுவர் வரைக்கும் வந்தார். குனிந்து பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பலகையை விட்டு இறங்கி மேல் கம்பி மேல் கால் வைத்தார் மாப்பிள்ளை! ஒரு கால் இல்லை, இரண்டு காலும். கால் வைத்து நின்றுகொண்டு, "என்ன மேஸ்திரி, வேலை எல்லாம் எப்படிப் போகிறது?" என்கிறார்.

பட்டியலும் அவர் கையில், என் பேரும் அவர் கையில். முனியன் மண்வெட்டியோடு நிற்கிறான். வேம்புலியம்மாள் தலையில் சட்டியோடு என் முகத்தையே பார்க்கிறாள். நைனா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார், "இன்ஜினீருடா, வாய மூடு" என்று. அப்போது ஒரு கம்பி லேசாக வளைந்து கீழே போனதைப் பார்த்தேன். அவ்வளவுதான், எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை.

"யோவ், எறங்குய்யா! கம்பி மேல நின்னுகினு இன்னாத்தப் பாக்கற?"

சொல்லி முடித்ததும், போச்சு, பட்டியலும் போச்சு பாலமும் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அவர் பலகை மேல் நிற்கிறார். முகத்தில் கோபம் இல்லை. காரில் இருந்த குமாஸ்தாவைக் கூப்பிட்டு, "கன்னியப்பன் பேரை எழுதிக்கொள்" என்றார். "நான் கம்பியைச் சோதிக்க வரவில்லை, கட்டத் தெரியும் என்று போட்டோவிலேயே தெரிந்துவிட்டது" என்று என்னிடம் சொன்னார். வேம்புலியம்மாள் சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான் துடைத்துக்கொண்டேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அவர் மிதித்து வளைத்த கம்பியை நிமிர்த்தித் திரும்பக் கட்ட நேரமாகிவிட்டது. "ராகுகாலம் வந்துட்சிடா" என்றார் நைனா. "வரட்டும் நைனா, வந்து ஒக்காந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டேன். எல்லாக் கம்பியையும் வீரராகவன் அளந்து முடித்த பிறகு, பத்தே முக்காலுக்குத்தான் முதல் சட்டி விழுந்தது. நான் இன்ஜினீயரை என்ன சொன்னேனோ அதை ஆனந்தன் வார்த்தை மாறாமல் நோட்டில் எழுதிக்கொண்டான். அதையும் நீங்கள் பாடத்தில் சேர்த்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

நைனா வீட்டில் தொங்குகிறதை உடைத்து எடுத்துவிட்டு ஆனி மாசம் புது சன்ஷேடு போடப் போகிறேன். சிங்கங்கள் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றுக்கு வால் மட்டும் போயிருக்கிறது. உங்கள் சைக்கிளையும் துலுக்கானம் நிமிர்த்திவிட்டான், முன் சக்கரம் மட்டும் கொஞ்சம் வலது பக்கமாகவே போகிறது. நீங்கள் சாமுண்டியோடு அவசியம் வர வேண்டும். ஏணியில் ஏறி, பலகையில் நின்று, ஸ்கேலால் அளந்து தர வேண்டும். உங்களை விட்டால் அளக்க எனக்கு யார் இருக்கிறார்கள்?

அன்றைக்கு ஒருவேளை திரும்பவும் எனக்கு வாய் வராமல் போனால், நைனா சட்டையைப் பிடித்து இழுத்தால், இந்தக் கடிதத்தைத்தான் எடுத்துக் காட்டுவேன். அதனால் பிப்ரவரியிலேயே சொல்லியிருக்க வேண்டியதை இப்போதே எழுதி வைத்துவிடுகிறேன்.

எறங்குங்க மாப்பிள்ளை.

கன்னியப்பன்